விரல் வைக்காத பணம்

பேங்க்கம்மா வீடு எது என்று கேட்டால் அந்தப் பகுதியில் யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். ஏதோ கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற அதிகாரி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஒரு வாடகை வீட்டின் முன்னறை. அதில் ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு பழைய லேப்டாப், உள்ளங்கை அகலத்தில் விரல்ரேகை பார்க்கிற ஒரு மெஷின், சீட்டு அடித்துத் துப்புகிற இன்னொரு மெஷின். சுவரில் 'உங்கள் வீட்டு வாசலில் வங்கி' என்று ஒரு பலகை, அதில் சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படம். பலகையை நிறுத்த வேறு இடம் கிடைக்காமல் அந்தக் குடும்பத்து அப்பாவின் நெற்றியிலேயே ஆணி அடித்திருந்தார்கள். அவ்வளவுதான் பேங்க்.

முன்பு அந்த இடமெல்லாம் முள்ளுக்காடு. பிறகு ஒரு துணி ஃபேக்டரி வந்தது, அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் அட்டைப்பெட்டி செய்கிறவர்கள், பிளாஸ்டிக் உருக்குகிறவர்கள் என்று வரிசையாக வந்து இறங்கினார்கள். தகரக் கொட்டகைகள் மாடி வீடுகளாயின. ஒரு அறைக்கு ஆறு பேர் வாடகை கொடுத்தார்கள். முன்பெல்லாம் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். இப்போது எல்லாம் கணக்கில்தான் விழும் என்று சட்டம் வந்துவிட்டது. கணக்கு வந்ததே தவிர பேங்க் வரவில்லை. அது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் டவுனில் இருந்தது. ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் பேங்குக்கு லீவு; எந்தக் காலத்தில் போய்ப் பணம் எடுப்பது? அதனால் பேங்க் தனக்குப் பதிலாக ஒரு மெஷினை அனுப்பி வைத்தது. படித்த பெண், சொந்தமாக லேப்டாப் வைத்திருக்கிறவள், நாலு பேருக்கு முகம் தெரிந்தவள் என்று பார்த்து அவளைப் பிடித்துப் போட்டார்கள். ஒரு விரல் வைத்தால் அவளுக்கு ஒரு சின்ன கமிஷன். டீ குடிக்கக் காணாது, ஆனால் ஒரு நாளைக்கு நூறு விரல் வந்தால் வாடகை கட்டலாம்.

விரல்தான் பிரச்சினையே. சிமெண்ட் குழைத்துக் குழைத்துக் கொத்தனாரின் ரேகை எப்போதோ போய்விட்டது. இஸ்திரிக்கார அக்காவின் கட்டைவிரல் வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும். சாயப் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு விரலே நீலம். மெஷின் இவர்களை ஆளே இல்லை என்று சொல்லிவிடும். துடைத்து வை, எண்ணெய் தடவி வை, ஊதி வை, அடுத்த விரலை வை என்று பத்து விரலும் ஒரு சுற்று வந்து முடிவதற்குள் ஃபேக்டரி சங்கு ஊதிவிடும். விரல் படிந்தாலோ இன்டர்நெட் லைன் இருக்காது. நீல வட்டம் ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும், எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

இப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. பணம் போட வந்தவர்கள், "இந்தா, இதை வெச்சுக்க, லைன் வந்ததும் போட்டுடு, சாயங்காலம் வந்து விரல் வைக்கிறேன்" என்று மேஜை மேல் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். விரல் வைக்காமல், சீட்டு அடிக்காமல் ஒரு நோட்டைக்கூடத் தொடக்கூடாது என்பது கம்பெனி சட்டம். முதலில் அவளும் கறாராகத்தான் இருந்தாள். ஒருநாள் இஸ்திரிக்கார அக்கா கெஞ்சினாளே என்று வாங்கி வைத்தாள். அதற்குப் பிறகு யாரை வேண்டாம் என்று சொல்வது? ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிச் செருகி, டிராயரில் போட்டு வைப்பாள். காகிதமே தேவையில்லை, பார்த்தாலே தெரியும். கொத்தனார் பணத்தில் சிமெண்ட் தூள் உதிரும். கோழிக்கடைக்காரர் பணத்தை மோந்து பார்த்தாலே போதும். இஸ்திரிக்கார அக்கா நோட்டையும் இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவருவாள். புது நோட்டு மாதிரி விறைப்பாக நிற்கும். ஒரு காசு இன்றுவரை இடம் மாறியதில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம், இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டில் அவளும் புருஷனும், ஐந்தாவது படிக்கிற ஒரு பெண்ணும். புருஷனை எல்லாரும் வேன்காரர் என்பார்கள். வேன் போய் வருஷமாகிறது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்க லோன் போட்டு வேன் வாங்கினார். ஃபேக்டரிக்காரர்கள் தாங்களே பஸ் விட்டதும் தவணை நின்றுபோய், ஒரு காலையில் நாலு பேர் வந்து வேனை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுநாள் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன மனுஷன், அந்த மழைக்காலம் முழுக்க வரவில்லை. போன் இல்லை, தகவல் இல்லை. மழை விட்டபிறகு ஒருநாள், இளைத்துக் கறுத்து, யாருடையதோ ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சோற்றைப் போட்டாள். வந்தவரைக் கேள்வி கேட்டு மறுபடி துரத்திவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயம் அதற்குப் பிறகு அவளை விட்டுப் போகவேயில்லை. அவர் கடைக்குப் போய்த் திரும்ப ஐந்து நிமிஷம் கூடினால் வாசலைப் பார்ப்பாள்.

அந்த வாரம் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று ஒரு பெரிய மண்வெட்டி மெஷின் வந்து கேபிளை அறுத்துப் போட்டது. லைன் செத்தது. நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். ஃபேக்டரியில் போனஸ் கொடுத்த நேரம் வேறு. அனல் அடித்தது; மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டுக்கொண்டு வராமலே புழுங்கியது. வேர்க்க விறுவிறுக்க வந்தவர்கள் எல்லாரும் பணத்தை மேஜையில் போட்டுவிட்டுப் போனார்கள். டிராயர் நிரம்பி அரிசி டப்பாவுக்குப் போயிற்று. அரிசி டப்பா நிரம்பியதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. பூனை குதித்தால்கூட எழுந்து உட்கார்ந்தாள்.

காலையில் புருஷனிடம் சொன்னாள், இதையெல்லாம் டவுன் பேங்கில் கொண்டுபோய் என் கணக்கில் கட்டிவிட்டு வாருங்கள், லைன் வந்ததும் நான் அவரவர் கணக்கில் ஏற்றிக்கொள்கிறேன் என்று. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். மகளுடைய பழைய ஸ்கூல் பை ஒன்று இருந்தது, அதில் கட்டுகளை அடுக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அவர் ரெண்டு முட்டையும் சோறும் சாப்பிட்டார். போகும்போது, "மதியத்துக்கு வந்துடுவேன்" என்றார். பை மாட்டிக்கொண்டு அவர் போன அழகைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்பா ஸ்கூலுக்குப் போறார் என்று.

மதியம் வரவில்லை. பேங்கில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். போன் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சோற்றைப் போட்டுப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள்.

முதலில் வந்தது கோழிக்கடைக்காரர். இடுப்பில் கட்டிய ரப்பர் துணியோடு, கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார். டவுனுக்கு லோடு எடுக்கப் போன ஆட்டோக்காரன் சொன்னானாம், பேங்குக்குப் பெரிய பூட்டாகப் போட்டு ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று.

"பேங்கை மூடிட்டாங்கம்மா. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியாது என்றாள். அப்படியெல்லாம் மூட மாட்டார்கள், லீவாக இருக்கும் என்றாள். லீவுக்கு எவன் நோட்டீஸ் ஒட்டுவான் என்று அவர் கேட்டார். அப்புறம் அவர் கேட்டதுதான் கேள்வி.

"சரி, பேங்க் எப்படியோ போகட்டும். விரல் வைக்காத என் பணத்தை எடு. அது உன்கிட்டதானே இருக்கு?"

வீட்டுக்காரர் கட்டப் போயிருக்கிறார் என்றாள். பூட்டிக் கிடக்கிற பேங்கில் எப்படிக் கட்டுவார், எப்போது போனார் என்று அவர் கேட்டார். காலையில் போனார் என்று சொல்லும்போதே தன் குரல் கீழே போவது அவளுக்கே கேட்டது. கோழிக்கடைக்காரர் ஸ்டூலை இழுத்து வாசற்படிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வர முடியாது.

அவள் ஏரியா ஆபீசருக்குப் போன் போட்டாள். மாதம் ஒருதரம் வந்து டீ குடித்துவிட்டு, நீங்கதான் நம்ம ஏரியாவிலேயே பெஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன். டவுன் பேங்கை மூடி, சிட்டியில் இருக்கிற கிளையோடு சேர்த்துவிட்டார்கள், உங்கள் லேப்டாப்புக்கு மெசேஜ் வந்திருக்குமே என்றார். லைனே இல்லை, எங்கிருந்து மெசேஜ் வரும்? விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"விரல் வைக்காம நீங்க எதுக்கும்மா பணம் வாங்குனீங்க?"

"எல்லாரும் குடுப்பாங்க சார். எப்பவும் வாங்கி வைக்கிறதுதான்."

"இந்தப் பேச்சை என்கிட்ட பேசுனதா வெச்சுக்காதீங்க. அந்தப் பணம் எங்க சிஸ்டத்துலயே கிடையாது. அது உங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள விஷயம்."

போனை வைத்துவிட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் பேங்க்கம்மா, பேங்க்கம்மா என்று கூப்பிட்டார்களே, அந்தப் பெயரில் பேங்க் கழன்று போய்விட்டது. மிச்சம் இருந்தது அடுத்தவர் பணத்தைத் தொலைத்த ஒரு பொம்பளை.

ஷிஃப்ட் விட்டு சங்கு ஊதியதும் தெரு நிறைந்துவிட்டது. யார் யாருக்குச் சொன்னார்களோ தெரியாது, பேங்கில் கணக்கே இல்லாதவன்கூட வந்து நின்றான். கணக்கில் இருக்கிற பணமும் போய்விட்டது என்று ஒருத்தன் கிளப்பிவிட்டான். அது எங்கும் போகாது, பத்திரமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். இருந்தால் எடுத்துக் கொடு என்றார்கள். லைன் இல்லாமல் எதை எடுப்பது? வானம் கறுத்து எங்கோ இடித்தது. முன்னறையில் காற்றே இல்லை. வேர்வை வாடை, சாய வாடை, கோழிக்கடைக்காரரின் வாடை எல்லாம் சேர்ந்து அவளுக்குக் குமட்டியது. யாரோ ஒருவன் விரல் மெஷினை வயரோடு பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். இதை விற்றால் என்ன வரும் என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். வீடு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்கள். வாடகை வீடு என்று தெரிந்ததும் ஒரு சத்தம் எழும்பியது, அதுவரை இல்லாத சத்தம். பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கொத்தனார் மட்டும் அதட்டாமல் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் தன் வீட்டுக்குத் தளம் போடச் சேர்த்து வைத்த பணம். ஊரெல்லாம் தளம் போட்டவன் வீட்டில் தகரம்தான், தெரியுமில்லையா என்று மட்டும் கேட்டார். இஸ்திரிக்கார அக்கா ஒரு மூலையில் நின்றிருந்தாள். மகளுக்கு நர்ஸ் படிப்புக்குக் கட்ட வைத்திருந்த பணம். திங்கட்கிழமை கட்டவில்லை என்றால் இடம் போய்விடும். அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை, பேங்க்கம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. யாரோ ஒருத்தி அதைப் பிடித்து, அப்பா போகும்போது என்ன சொன்னார், என்ன எடுத்துக்கொண்டு போனார் என்று நயமாகக் கேட்டாள். பேங்க்கம்மா பாய்ந்து போய் மகளை இழுத்து உள்ளே தள்ளினாள். தள்ளும்போதுதான் கண் உள்ளறைச் சுவரில் சட்டை மாட்டுகிற ஆணியில் பட்டது. புருஷனுடைய நல்ல சட்டை, நீலக்கோடு போட்டது, எப்போதும் அங்கே தொங்குவது, காணோம். இன்னொரு பேண்டும் காணோம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் தலையைச் சொறிந்தது, ரெண்டு முட்டை சாப்பிட்டது, மதியத்துக்கு வந்துடுவேன் என்றது எல்லாம். டீ குடிக்கப் போகிறேன் என்றும் ஒருநாள் சொன்னவர்தானே? பாவி மனுஷா என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டாள். அவர் மேல் வந்த கோபத்தைவிட, இனி இந்த வாசலைத் தாண்டி மகளைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போகப்போகிறோம் என்ற பயம் பெரிதாக இருந்தது.

முன்னறைக்கு அவள் திரும்பி வரும்போது கோழிக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து பண்ண வேலை இது. அவனை முன்னாடி அனுப்பிட்டு, நாளைக்கு இவளும் பொட்டியைக் கட்டிடுவா. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி இவ எங்கயும் போகாம பார்த்துக்கணும்."

ரெண்டு பேர் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். வெளியிலிருந்து பூட்டப்போகிறார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டது.

"நான் சேர்ந்தவ இல்ல. என்னைச் சேர்க்காதீங்க. அந்த ஆளு ஓடிட்டான். சட்டை பேண்ட்டெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடிட்டான். முன்னாடியும் என்னை விட்டுட்டு ஓடினவன்தான், இந்தத் தெருவுக்கே தெரியும். அவனுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது. என்னையும்தான் ஏமாத்திட்டுப் போயிட்டான். அவனைப் புடிங்க, என்ன வேணா பண்ணுங்க. என்னையும் என் பொண்ணையும் விட்டுடுங்க."

கூட்டம் அடங்கியது. சொன்னது வேலை செய்தது. ஒருத்தி உச்சுக்கொட்டினாள். கதவைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். பொம்பளைங்க தலையிலதான் எல்லாம் விடியுது என்று எவளோ பின்னாலிருந்து சொன்னாள். அவள் மூச்சு வாங்க நின்றாள். உயிர் பிழைத்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

வேன்காரர் நின்றுகொண்டிருந்தார். ஸ்கூல் பை முதுகில் இருந்தது. காலையில் போட்டுப் போன அதே சட்டை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து பையை மேஜை மேல் வைத்தார். பேங்கை மூடிவிட்டார்கள், சிட்டியில் இருக்கிறது என்றார்கள், அலைந்து பார்த்தேன், நேரமாகிவிட்டது, போனில் சார்ஜ் இல்லை என்று பொதுவாகச் சொன்னார். ஜிப்பைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் எல்லாம் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. கோழிக்கடைக்காரர் தன்னுடையதை முதலில் எடுத்து, எச்சில் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது. இன்னொரு தரம் எண்ணினார். "கோவத்துல நாலு வார்த்தை வர்றதுதான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஸ்டூலை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். மெஷினைப் பிடுங்கியவன் அதைச் சத்தமில்லாமல் மேஜைக்கடியில் வைத்தான். கொத்தனார் தன் கட்டை வாங்கிக்கொண்டு வாசலில் இறங்கியதும் உட்கார்ந்துவிட்டார். மழை கொட்ட ஆரம்பித்தது, எல்லாரும் பணத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

கடைசியாக இஸ்திரிக்கார அக்கா போனாள். போனவள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். கையில் ஒரு பொட்டலம். "முந்தாநாள் போட்டது, குடுக்க மறந்துட்டேன்" என்று மேஜையில் வைத்தாள். நீலக்கோடு சட்டை, பேண்ட். இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அங்கே நின்று, அவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தவள், சட்டை என்கிட்ட இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணம் போய்விட்ட பயத்தில் அவளுக்கும் புத்தி வேலை செய்யவில்லை போலிருக்கிறது. அவளை என்ன சொல்வது?

மகள் அப்பா மடியில் தலை வைத்து அப்படியே தூங்கிவிட்டது. மழைச் சத்தத்தில் அவர் சாப்பிட்டார், அவள் பரிமாறினாள். குழந்தையிடம் பேசுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று ரெண்டு தரம் கேட்டாள். அப்புறம் அடக்க முடியவில்லை.

"நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. பயத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். சட்டையைக் காணோமா, நான் நெஜமாவே..."

"கேட்டுக்கிட்டுதான் நின்னேன்" என்றார். கொஞ்ச நேரம் சோற்றை அளைந்தார். "நீ ஒண்ணும் பொய் சொல்லல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பேங்க் பூட்டியிருப்பதைப் பார்த்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாராம். சிட்டி பேங்குக்குப் போகிற பஸ் ஒன்று நின்றது. பக்கத்திலேயே இன்னொரு பஸ், ராத்திரியெல்லாம் ஓடி மறுநாள் எங்கேயோ போய் நிற்கிறது. முதல் தரம் ஓடிப்போனபோது அவர் ஏறிப்போன அதே பஸ்.

"அதுல ஏறி உக்காந்துட்டேன். போனை நான்தான் அணைச்சேன், சார்ஜெல்லாம் இருந்துச்சு. எதுக்கு ஏறுனேன்னு என்னைக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. முதுகுல அது இருக்குறப்போ என்னென்னமோ தோணுது. வேன் வாங்கலாம், பழையபடி தலை நிமிர்ந்து வரலாம்னு தோணுது. கண்டக்டர் டிக்கெட் கேட்டான். என்கிட்ட சொந்தக் காசு பத்தல. பையில இருந்து எடுக்கலாம்னு கையை விட்டா, வந்தது அக்காவோட இஸ்திரி போட்ட நோட்டு. அவ்ளோ பெரிய நோட்டுக்குச் சில்லறை இல்ல, எறங்குன்னுட்டான். பாதி ரோட்டுல எறக்கிவிட்டான். நடந்து திரும்பி வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர்ப்பணம் மொத்தத்தையும் முதுகில் வைத்துக்கொண்டு டிக்கெட்டுக்கு வழியில்லாமல் நின்ற மனுஷனை நினைத்துச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவளுக்குக் குளிர் எடுத்தது.

"சில்லறை இருந்திருந்தா?"

"தெரியல" என்றார் அவர்.

இருந்திருந்தாலும் திரும்பி வந்திருப்பேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் மழைத் தண்ணீரிலேயே கழுவினாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே நின்றாள்.

கேபிளை ஒட்டினார்கள். லைன் வந்தது. கொஞ்ச நாள் எல்லாரும் யோக்கியமாக நின்று, விரல் வைத்து, சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளும் சீட்டில்லாமல் ஒரு நோட்டைத் தொடவில்லை. ஆனால் கொத்தனாருக்கு ரேகை புதிதாக முளைத்துவிடவில்லை, ஃபேக்டரி சங்கும் ஊதாமல் இருந்துவிடவில்லை. ஒருநாள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தபோது, இஸ்திரிக்கார அக்கா பொறுமை இழந்து தன் கட்டை மேஜையில் போட்டாள். "போட்டுடும்மா" என்றாள். பேங்க்கம்மா அதைத் திருப்பித் தள்ளினாள். அக்கா அதை மறுபடி இந்தப் பக்கம் தள்ளினாள். அக்காவின் மகள் நர்ஸ் படிக்கப் போய்விட்டாள், இவள் அடுத்த தவணை சேர்க்கிறாள், அடுப்பில் கரி அணைகிறது, இங்கே நிற்க நேரமில்லை. இந்த மாதிரி ஆளிடம் வாங்காமல் என்ன பேங்க் நடத்துவது? அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பழையபடி ஆரம்பித்தார்கள். கோழிக்கடைக்காரர்கூட, பையனிடம் கொடுத்தனுப்பினார்.

டிராயர் நிரம்பியது. சிட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ரெண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையைப் பார்க்கவே இல்லை.

"நான் போகலம்மா" என்றார்.

"நானே போறேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தன்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மகள் இங்கேதான் இருக்கிறாள், கணக்கு அவள் பேரில், பேர் அவள் பேர். ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டு, டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். சிட்டி பஸ் அந்தக் கடைசியில் நின்றது. அதை நோக்கித்தான் நடந்தாள். நடுவில் இன்னொரு பஸ் இன்ஜினை உறும விட்டுக்கொண்டு நின்றது. ஜன்னலோரத்தில் ஆட்கள் தலையணையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் கால் நின்றது. சும்மா, பெயரைப் படிக்கத்தான். படித்தாள். அவள் கேள்விப்பட்டிராத ஊர். அங்கே அவளை யாரும் பேங்க்கம்மா என்று கூப்பிட மாட்டார்கள், யாரும் கதவை வெளியிலிருந்து பூட்ட வரமாட்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் என்று ஒரு நினைப்பு, யாரோ காதில் சொன்ன மாதிரி, தெளிவாக வந்தது. முதுகில் பை கனத்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து நடுக்கம் எடுத்தது. அன்றைக்கு வாசலில் அவ்வளவு பேர் நின்றபோதுகூட இப்படி எடுக்கவில்லை.

போனை எடுத்தாள். விரல் ரெண்டு தரம் தப்பாக விழுந்தது. ஒரே மணியில் எடுத்தார்.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேங்க."

அவர் மெதுவாகக் கேட்டார். "எந்த பஸ்ஸுகிட்ட நிக்கிற?"

அவள் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது, வேறு யாருக்குத் தெரியும்?

"நான் சிட்டிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் போனை வைக்காதீங்க" என்றாள். "எதையாவது பேசிட்டே இருங்க."

"வைக்கல. நீ நட" என்றார் அவர். மகள் டிபன் டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டது, இப்போதுதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார். வாத்தியார் தன்னை யாரென்று கேட்டார் என்றார். கொத்தனார் வீட்டுக்குத் தளம் போட ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது, தெருவை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, கோழிக்கடைக்காரர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதற்கெல்லாம் உம், உம் என்று சொல்லிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சிட்டி பஸ்ஸை நோக்கி நடந்தாள்.